கச்சான் காலத்துத் தேரை

புத்தகத்தில் அதற்கு மரத்தவளை என்று பெயர் போட்டிருக்கிறார்கள். படமும் இருக்கிறது. பச்சை இலைமேல் உட்கார்ந்து, குளித்து முடித்த மாதிரி மினுமினுவென்று இருக்கிறது. நாங்கள் அதைத் தேரை என்றுதான் சொன்னோம். எங்கள் லயத்தில் அது இலைமேல் உட்கார்ந்ததைவிட எங்கள் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் அதிகம்.

ஹாலிஎலைக்கு மேலே, கோச்சி தண்டவாளத்தில் வளைந்து போவது தெரிகிற மலைச்சரிவில் இருந்தது எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் கட்டடம். மழைக்காலம் வந்தால் தேரைகள் உள்ளே வந்துவிடும். விரல் நுனி ஒவ்வொன்றிலும் சின்ன உருண்டை, அதை வைத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பகலில் காய்ந்த வாழைச் சருகின் நிறம், விளக்கு வைக்கும் நேரத்தில் காப்பித்தூள் நிறம். முதுகில் உடுக்கை போல் ஒரு கறுப்புக் கோலம். சமையல் குசினிக்கு வெளியே தண்ணீர் பிடிக்கும் பீப்பாய்க்கு மேல் ஒரு கொய்யாக் கிளை தொங்கும். அந்த இலைகளில் சவர்க்கார நுரை மாதிரி வெள்ளையாக உருட்டி வைத்துவிட்டுப் போகும். நுரைக்குள் முட்டை. கொஞ்ச நாளில் நுரை இளகி, வால்குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பீப்பாய்க்குள் சொட்டும். கல்யாணமாகி அந்த லயத்தில் ஓர் அறைக்கு, காம்பரா என்போம், வந்த புதிதில் நான் வேலை வெட்டியை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் புருஷன், கட்டிக்கொண்டு வந்தது மனுஷியையா தவளையையா என்று கேலி செய்வார்.

ஆனால் தேரை என்றால் எல்லாருக்கும் பயமும் உண்டு. கைக்குழந்தைமேல் தேரை பாய்ந்துவிட்டால் குழந்தை இளைத்துப்போகும் என்பார்கள். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கண் பெரிதாகிவிடும். தேரை விழுந்த பிள்ளை என்று அதற்குப் பெயர். அதற்குப் பரிகாரமும் இருந்தது. பாய்ந்த தேரையை உயிரோடு பிடிக்க வேண்டும். புதுச்சட்டித் தண்ணீரில் விட்டு, அந்தத் தண்ணீரைப் பிள்ளையின் தலையில் ஊற்ற வேண்டும். பிறகு தேரையை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதோடு முடியாது. தேரை இறங்குகிறவரை பெற்றவளின் பால் ஆகாது. வேறொருத்திதான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கிறவளும் அதே தண்ணீரில் தலை முழுகுவாள். முழுகினால் அவளுக்கு எந்தத் தீட்டும் கிடையாது, எந்தத் தோஷமும் கிடையாது. இதையெல்லாம் எங்கள் முன்னோர் திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறியபோது கூடவே கொண்டுவந்தார்கள் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பசியில் காய்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பாவம் அந்த வாயில்லாப் பிராணியின்மேல் பழி போடுகிறீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், அரிசியும் மாவும் கண்ணில் படாமல் போன காலத்தில், என் முதல் பிள்ளை பிறந்தாள். மரவள்ளிக் கிழங்கு கிடைத்த வீடு அதிர்ஷ்டம் செய்த வீடு. கிழங்கும் கிடைக்காத நாளில் சீனி இல்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலையேறினோம். ஆடி மாதம் கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று மழை கொண்டுவராது. இருக்கிற ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போய்விடும். தேயிலை கருகி, கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்தது. என் நெஞ்சில் பால் நின்றுவிட்டது. சும்மா சொல்லவில்லை, பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வையை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

தோட்டத்து மருந்துக்காரர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு டின்னில் வருகிற பால்மா கொடுக்கச் சொன்னார். பால்மா எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது. வாயில் போட ஒரு தூள் கொடுத்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். திரும்பி வரும் வழியில் பிள்ளையின் கனமே என் தோளில் தெரியவில்லை. இவள் பிழைக்க மாட்டாள் என்று அன்றைக்கு முதல்முறையாக எனக்குத் தோன்றியது. வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி, பேச்சில் கஞ்சம். அவளுக்கு ஒரு மகன் பிறந்து, பால்குடி மாறுவதற்கு முன்னாலேயே அந்த ஆடியில் காய்ச்சலில் போய்விட்டான். கருமாதி முடிந்தும் அவள் வேலைக்கு இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். எனக்குப் போய்ப் பார்க்கப் பயம். இடுப்பில் பிள்ளையோடு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

ஆவணியில் ஒரு காலை, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பீலிக்குத் தண்ணீருக்குப் போனேன். பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்து விழுகிற தண்ணீர். அது அப்போது நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு குடம் நிரம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்தால் அக்கா என் காம்பராவுக்குள் நிற்கிறாள், பிள்ளை அவள் கையில்.

"தேரை விழுந்துருச்சு. சுவத்துலேருந்து பிள்ள நெஞ்சு மேல பாஞ்சுச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் பிள்ளை பட்டினியில் சாகிறது, இவள் தேரைக் கதை சொல்கிறாளே என்று. அதோடு எனக்குத் தேரையைத் தெரியும். கச்சான் அடிக்கிற காலத்தில் சுவரில் ஒரு தேரையும் இருக்காது. அந்தக் காற்று பட்டால் அதன் தோல் காய்ந்துவிடும். எங்கேயாவது ஈரம் இருக்கிற பொந்தில் கையைக் காலை மடக்கிக்கொண்டு, ஐப்பசி மழை வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். இந்தக் காற்றில் தேரை எங்கே வந்தது, பொய் சொல்ல வேறு நேரம் கிடைக்கவில்லையா என்று கத்தினேன். அவள் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அவள் சும்மா வந்து, நான் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்க முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொரு பிள்ளைக்கு நெஞ்சைக் கொடுத்தால் போன பிள்ளை இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. லயத்தில் எதையும் ஒளித்துச் செய்ய முடியாது. நடுச்சுவர் கூரைவரை எட்டாது, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். மற்ற காம்பராக்களில் பால் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள்தான். அவர்களுடைய பிள்ளைகளுக்கே போதவில்லை. பால் மிச்சமிருந்தது அந்த லயத்திலேயே ஒருத்தியிடம்தான். அவளுக்கு வழிவிட ஒரு தேரை வேண்டியிருந்தது.

செய்தி கங்காணியம்மாவுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. வேலையாட்களை மேய்க்கும் கங்காணியின் பெண்சாதி அவர். பிரசவம் பார்ப்பதும் அவர்தான், பிணம் குளிப்பாட்டுவதும் அவர்தான். அவர் சொல்லை மீறி எங்கள் லயத்தில் அடுப்பு எரியாது. சாயங்காலம் வந்து இஸ்தோப்பில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், உட்கார்ந்தார். என் புருஷன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பிள்ளைமேல் உயிர். அந்த உயிரே பயமாகி, அக்கா பிள்ளையைத் தொடவே கூடாது என்று மத்தியானம் முழுக்க என்னோடு சண்டை போட்டிருந்தார். கங்காணியம்மாவும் அதைத்தான் சொன்னார். கச்சானில் தேரை வந்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை என்றும், பிள்ளை போன துக்கத்தில் அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் ஏதேதோ தெரிகிறது என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார்.

"பாத்தேங்கம்மா" என்றேன். "நான் குடத்த எறக்கையிலதான் பாஞ்சுச்சு. கதவிடுக்கால வெளிய போயிருச்சு."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். தேரைக்காக வாதாடி அவரிடமே வாங்கிக்கட்டிக்கொண்டவள் நான். அப்படியானால் பிடித்துக்கொண்டு வந்து காட்டு என்றார். தேரை இல்லாமல் முழுக்கு இல்லை, முழுக்கு இல்லாமல் அவள் மடியில் பிள்ளை இல்லை.

மறுநாள் ஞாயிறு. பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூரைச் சட்டம், கதவு மூலை, பீப்பாய்க்கு அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. காண் என்கிற வாய்க்காலோடும் பாத்தியோடும் குனிந்துகொண்டே போனேன். மதகுக்குள் கையை விட்டேன். பாம்பு இருந்தால் இருக்கட்டும் என்று விட்டேன். காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. எதிர் மலையில் புல் தீப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. ஈரத்தோல் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு ஜீவன் இந்தக் காற்றுக்கு எங்கே ஒளியும் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசித்தேன். மூங்கில் புதரில் வெடித்த கணு ஒன்றுக்குள் ஒன்று கிடந்தது. ஆசையோடு வெளியே எடுத்தேன். செத்து எத்தனையோ நாளாகியிருந்தது; கருவாடாகக் காய்ந்து, கையில் வைத்தபோது சத்தமே இல்லாமல் உடைந்தது. அங்கேயே நின்று அழுதேன். கடவுளே, மனுஷனுக்குத்தான் இல்லை, இதற்குக்கூட ஒரு வாய் தண்ணீர் வைக்க மாட்டாயா என்று கேட்டேன்.

தேயிலை முடிகிற இடத்தில், ஓடைப் பள்ளத்தில், யாரோ எப்போதோ வைத்து விட்டுப்போன வாழைக்கூட்டம் ஒன்று இருந்தது. ஓடையில் தண்ணீர் கல்லுக்குக் கல் தேங்கிக் கிடந்தது. வாழை மட்டை ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்தேன். உள்மட்டை ஒன்றின் இடுக்கில், மட்டையின் நிறமாகவே இருந்தது அது. நாலு காலையும் வயிற்றுக்கடியில் மடக்கி, கண்ணைப் பாதி மூடி, கல் போல. தொண்டை மட்டும் துடித்தது.

பிடித்தபோது அது குதிக்கவில்லை. குதிக்கத் தெம்பில்லை. மழைக்காலத்தில் பார்த்தால் வயிறு புடைத்துக் கொழுகொழுவென்று இருக்கும். இதற்கு வயிறு ஒட்டி, இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையில் இருந்தபடி அது தண்ணீரை விட்டது. பயந்தால் தேரை அப்படிச் செய்யும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வறட்சியில் மழை வரும்வரை உயிரோடிருக்க அது வயிற்றுக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அது. எல்லாம் என் விரலிடுக்கில் ஒழுகிப் போனது. என் பிள்ளைக்காக இதன் உயிரைப் பிடுங்குகிறேன் என்று தெரிந்தே, சேலைத் தலைப்பை ஓடையில் நனைத்து அதைச் சுற்றினேன். கூடையில் வாழைச் சருகு போட்டு வைத்துக்கொண்டு, சாகாதே, சாகாதே என்று சொல்லிக்கொண்டே மேடேறினேன்.

இஸ்தோப்பில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கங்காணியம்மா புதுச்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். நான் ஈரத்துணியைப் பிரித்துக் காட்டியதும் பெண்கள் பின்வாங்கினார்கள். கங்காணியம்மா மட்டும் குனிந்து பார்த்தார். அதன் முதுகில் வாழைச் சருகின் நார் ஒன்று ஒட்டியிருந்தது. என் சேலையெல்லாம் ஓடைச் சேறு.

"இதுதானா?" என்றார்.

"இதுதாங்க."

"பிள்ள தலையில கைய வச்சுச் சொல்லு."

பொய்ச் சத்தியம் பிள்ளையின் உயிரைக் குடிக்கும் என்பதை நான் கேலி செய்ததே இல்லை. தேரையை நம்பாதவள் அதை நம்பினேன். என் புருஷன் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினார். கழுத்து நிற்கவில்லை, தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கதவருகில் நின்ற அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் செய்தால் சாமி எடுத்துக்கொள்ளும், செய்யாவிட்டால் பசி எடுத்துக்கொள்ளும். சாமிக்காவது மனசு மாற இடமுண்டு என்று நினைத்தேன். கையை வைத்தேன். உச்சிக்குழி உள்ளே இறங்கிக் கிடந்தது விரலில் தெரிந்தது.

"இதுதான் பாஞ்சுச்சு. சத்தியமா" என்றேன்.

தேரையைச் சட்டியில் விட்டார்கள். அது தண்ணீருக்கு அடியில் போய், கையை விரித்து, அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் மேலே வந்து சட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கங்காணியம்மா முதலில் பிள்ளைக்கு ஊற்றினார், பிறகு அக்காவுக்கு. அக்கா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் காம்பராவுக்குள் வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்குச் சப்பவும் தெம்பில்லை. அக்கா பாலைப் பீய்ச்சி உதட்டில் விட்டாள். அது கடைவாயில் வழிந்தது. மறுபடி விட்டாள். வெகுநேரம் கழித்து மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது, பிள்ளை விழுங்கிய சத்தம். அதைக் கேட்டதும் என் புருஷன் வெளியே போய்த் தூணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

தேரையை நானே கொண்டுபோனேன். ஓடையைத் தாண்டி, வாழைக்கு எதிர்ப்பக்கம் பாறை நிழலில், ஈரமிருந்த இடமாகப் பார்த்து விட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. நான் திரும்பிப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே இருந்தது. போய் இரண்டு கையாலும் தேக்கத்துத் தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றிவிட்டு வந்தேன். பிழைத்ததா இல்லையா, எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிந்ததும் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பேன். பயம் பசியைப் பற்றியதல்ல, என் சத்தியத்தைப் பற்றியது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அந்தத் தேரையைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவள் விடியற்காலை வருவாள், மத்தியானம் வருவாள், பொழுது சாய வருவாள். கொடுப்பாள், போவாள். பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை வந்தது. ஐப்பசியில் இடியும் மின்னலுமாக மழை இறங்கியது. கொய்யாக் கிளையில் வெள்ளை நுரை தொங்கியது, சுவரெல்லாம் தேரை. ஒன்று தொட்டிலுக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்ததைக் கங்காணியம்மா பார்த்துப் பதறினார். நான் அதை விரட்டவில்லை.

மார்கழியில் மறுபடி கொஞ்சம் மா வந்தது. பிள்ளை கஞ்சி குடித்தாள், தவழ்ந்தாள். என் காம்பராவிலிருந்து தவழ்ந்து நேராக அக்காவின் வாசலுக்குப் போவாள். ஒருநாள் அக்காவின் மடியிலிருந்து அவளைத் தூக்கினேன். வீறிட்டுக்கொண்டு என் மூஞ்சியில் அறைந்து, அவள் பக்கமாகக் கையை நீட்டி, "ம்மா" என்றாள். அதுவரை என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒளிப்பானேன், எனக்கு நெஞ்செரிந்தது. யாரால் அவள் உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்தும் எரிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வரவில்லை. மத்தியானம் வாசலில் நின்று, தேரை இறங்கிவிட்டது என்று கங்காணியம்மாவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள். நான் பதுளைக்குப் போகிற நாளில் மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னாள். தலைக்கு வைக்க அல்ல. பால் வற்றுவதற்கு மல்லிகையை நெஞ்சில் வைத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். அவள் பிள்ளை போனபோதும் பெண்கள் பூவோடு வந்திருக்கிறார்கள். கட்டவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாளாம். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோயிலடியில் விற்றவரிடம் உதிரிப்பூவாக வாங்கிக்கொண்டு அன்றைய கோச்சியிலேயே திரும்பினேன். அக்கா ரவிக்கையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பழைய வேட்டித் துணியில் பூவைப் பரப்பி, முன்னால் சுற்றிப் பின்பக்கம் இழுத்தேன். நெஞ்சு கல்லாகக் கட்டியிருந்தது, வலித்திருக்கும். மெதுவாகத்தான் இழுத்தேன்.

"இன்னும் இறுக்கு" என்றாள். "அந்தப் பக்கம் பிள்ள அழுதா, இது சொன்னாக் கேக்காது."

நான் முடிச்சுப் போடுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். என் கைக்கடியில் துணி நனைந்தது. அக்கா திரும்பவில்லை. போய்ப் பிள்ளையைத் தூக்கு என்றாள்.